அவங்க சொல்லி வச்சது

அக்கா ஒரு பொருளை விற்றுவிடுவது என்று தீர்மானித்துவிட்டால் அதைத் துடைக்க ஆரம்பிப்பாள். அதில் தூசி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தோளில் கிடக்கும் துணியை எடுத்து, பொருளை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவரின் முகத்தைப் பார்க்காமல், குழந்தைக்கு வாய் துடைத்துவிடுவது போல மெதுவாகத் துடைப்பாள். வந்தவர் விலை கேட்பார். அக்கா ஒரு தடவை வாசல் பக்கம் பார்ப்பாள். குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "இது அவங்க சொல்லி வச்சதுங்க" என்பாள்.

வருடக்கணக்கில் இதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷம் வரை அந்தப் பொருள் வந்தவருக்கு வேண்டியதாக இருக்காது. சும்மா கையில் எடுத்துப் பார்த்திருப்பார். அந்த நிமிஷத்துக்குப் பிறகு அது இல்லாமல் அவரால் வீட்டுக்குப் போக முடியாது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அம்மா படுத்த படுக்கையான வருடம் நான் எட்டாம் வகுப்போடு நின்றுகொண்டேன். அக்கா தட்டச்சுப் பழகி ஒரு வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்தாள். பதினேழு வருடம் அந்த வக்கீலின் கையெழுத்தை அவள் ஒருத்தியால்தான் படிக்க முடிந்தது. எழுதியவராலேயே முடியாது. கல்யாணப் பேச்சு எங்கள் இரண்டு பேர் விஷயத்திலும் வந்தது; வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுப் போய்விட்டது. அம்மாவும் போன பிறகு ஒன்றரை அறை வீட்டில் நாங்கள் இரண்டு பெண்களும் இருந்தோம்.

வக்கீலுக்கு வயதாகி, மகன் வீட்டோடு போய்ச் சேரக் கிளம்பியபோது, அலுவலகத்தில் இருந்த பெரிய தேக்கு அலமாரி, நாற்காலிகள், பித்தளை மைக்கூடுகள், ஒரு சுவர் நிறையப் புத்தகங்கள் எல்லாவற்றையும் காட்டி, "நீயே வச்சுக்கோம்மா" என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று நாங்கள் உருகிப் போனோம். அலமாரி எங்கள் வீட்டு வாசலில் நுழையவில்லை. மகன் வீட்டு வாசலிலும் அது நுழையவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு வாரம் அதைத் தெருவில் நிறுத்தி, மேகம் கறுக்கும்போதெல்லாம் தார்ப்பாயோடு ஓடினோம். கடைசியில் அலமாரிக்கு இடம் தேடப் போய்த்தான் எங்களுக்குக் கடை வந்தது.

பேருந்து நிலையத்தின் பின்சுவரை ஒட்டி, ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக மூன்று அறைகள். கடைசி அறையில் புத்தகங்கள். நடு அறையில் அலமாரியும் மற்றப் பழைய சாமான்களும். முன் அறையில் நான் தைக்கும் துணிப்பைகள், வாசனைச் சோப்பு, மெழுகுவத்தி, கையால் செய்த தாளில் கட்டிய நோட்டுகள். சனிக்கிழமைகளில் நகரத்திலிருந்து ஏரியைப் பார்க்கப் போகிறவர்கள் கால் வலிக்குக் காரை நிறுத்தி இறங்குவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது ஓட்டை உடைசல் கடை. நகரத்துப் பெண் ஒருத்திதான், இந்த மாதிரி இடத்துக்குப் பூட்டிக் என்று பேர் என்று சொல்லிக்கொடுத்தாள். அக்கா உடனே பெயர்ப்பலகையில் அதைச் சேர்க்கச் சொன்னாள். அந்த வாரமே நாலு பேர் பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சாவி தொலைந்துவிட்டதாம், போட்டுத் தர வேண்டுமாம். எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டி ஒருவர் சண்டைக்கே நின்றார். அக்கா சண்டை போடவில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கூடை சாவி வாங்கி வந்து வாசலில் வைத்தாள். பூட்டோடு வந்தவர்கள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். நகரத்துப் பெண்கள் அவற்றைச் சுவரில் மாட்ட வாங்கினார்கள். எந்தக் கதவையும் திறக்காத சாவி எங்கள் கடையில்தான் அதிகம் விற்கிறது.

'அவங்க' வந்த கதைக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை புருஷன் பெண்டாட்டி இருவர் வந்தார்கள். அந்த அம்மாள் வக்கீலின் மைக்கூடு ஒன்றை எடுத்தாள், கவிழ்த்தாள், உள்ளே விரலை விட்டாள், விலையைக் கேட்டாள். பிறகு கணவரிடம், இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று எங்கள் காதுபடவே சொன்னாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. பதினேழு வருடம் அந்த மைக்கூட்டுக்கு மை ஊற்றியவள் அவள். வெடுக்கென்று வாங்கித் துடைத்துக்கொண்டே, "அவங்க சொல்லி வச்சிருக்காங்க" என்றாள்.

"எவங்க?"

"அவங்கதான்."

அம்மாள் கணவரைப் பார்த்தாள். கணவர் மைக்கூட்டைப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் அது சொன்ன விலைக்குப் போய்விட்டது. போகும்போது அந்த அம்மாள், அவங்க வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கவலையோடு விசாரித்தாள். சமாளித்துக்கொள்கிறேன் என்று அக்கா பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு நிஜமாகவே வந்தது. அவளே ஆச்சரியப்பட்டுப் போனாள்.

அதிலிருந்து 'அவங்க' எங்கள் கடையின் முக்கியமான வாடிக்கையாளர் ஆகிவிட்டார். கால் ஆடும் முக்காலி, ஊசி இல்லாத பாட்டுப் பெட்டி, விளிம்பெல்லாம் பல் போன பித்தளைத் தட்டு என்று எது மூன்று மாதம் நகராமல் இருந்தாலும் அவங்க சொல்லி வைத்துவிடுவார். என் கையெழுத்து கொஞ்சம் அழகாக இருக்கும் என்பதால் சீட்டு எழுதுவது என் வேலை. வெள்ளைச் சீட்டில் 'சொல்லி வைத்தது' என்று எழுதி, நூல் கோத்துக் கட்டித் தொங்கவிடுவேன். பாவம் என்று எப்போதாவது தோன்றும். ஆனால் வாங்கிப் போனவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் அந்தப் பாவம் எங்கே ஒட்டியிருக்கிறது என்றே தெரியாது.

இதில் ஒன்றை நாங்கள் யோசிக்கவில்லை. எங்கள் பேச்சில் ஒரு பெண் பேர் சொல்லாமல், குரலைத் தாழ்த்தி, வாசலைப் பார்த்துக்கொண்டு 'அவங்க' என்றால், அது ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். நகரத்துக்காரர்கள் அதை யாரோ பெரிய மனுஷி என்று எடுத்துக்கொண்டார்கள். கடைக்குள் வந்து போகும் உள்ளூர்க்காரர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் டைம்கீப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வண்டிகள் வரும் நேரம், போகும் நேரம் எழுதுகிறவர். ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவரும் அவரேதான். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் என்பதால் அவர் குரல் நாள் முழுக்க எங்கள் மூன்று அறைகளிலும் இருக்கும். மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபோது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் விட்டுப்போனது என்று சொன்னார்கள். பேருந்தில் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களும் அவர் பொறுப்பில்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் மஞ்சள் சீட்டு கட்டி வைப்பார். யாராவது தேடி வந்து வாங்கிப் போனால் அந்தச் சீட்டில் 'உரியவர் வந்தார்' என்று எழுதி, நேரத்தையும் குறிப்பார். ஆறு மாதம் ஆகியும் வராவிட்டால் 'உரியவர் வரவில்லை' என்று எழுதி ஏலத்துக்கு அனுப்புவார். அந்த ஏலத்தில் குடை வாங்கப் போய்த்தான் அக்காவுக்கு அவர் பழக்கம். முப்பத்தொரு குடை இருந்தது. ஒவ்வொன்றும் விரிகிறதா என்று அவரே விரித்துக் காட்டினாராம். இவ்வளவு பொறுமையான மனுஷனை நான் பார்த்ததில்லை என்று அக்கா அன்று சாப்பிடும்போது இரண்டு தடவை சொன்னாள்.

பிறகு சனிக்கிழமைதோறும் அவர் கடைக்கு வந்தார். பதினொன்று இருபது வண்டி கிளம்பியதும் வருவார். பதினொன்று நாற்பத்தைந்துக்கு முன்னால் போய்விடுவார். நேராகக் கடைசி அறைக்குப் போய், ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடு அறைக்கு வந்து, அக்காவுக்கு எதிரே கால் ஆடாத முக்காலியில் உட்காருவார். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் அறிவிப்பு மாதிரியே இருக்கும். "மழை வர வாய்ப்பு உள்ளது" என்பார். அக்கா அன்றைக்கு மட்டும் இரண்டாவது தடவை தலை வாரிக்கொள்வாள். நான் தையல் இயந்திரத்தை மெதுவாக மிதிப்பேன்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. எங்கள் கடையில் ஒரு கப்பல் கதை வாங்கினார். முதல் பாகம். கடைசிப் பக்கத்தில் கப்பல் தலைவன் புயலில் கடலுக்குள் விழுகிறான், அதோடு முடிகிறது. இரண்டாம் பாகம் எங்கேயும் இல்லை. நாலு வருடம் தேடினார். அக்காவும் எந்த வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் புத்தகப் பெட்டியில்தான் முதலில் கையை விடுவாள். தலைவன் நீந்திக்கொண்டே இருக்கிறானே, கை ஓய்ந்து போயிருக்குமே என்று டைம்கீப்பர் சில சனிக்கிழமைகளில் கவலைப்படுவார்.

இரண்டாம் பாகம் கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் பெட்டியில், சமையல் குறிப்புகளுக்கு அடியில் இருந்தது. அக்கா அதைத் துடைக்கவில்லை. சும்மா கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலை, இன்னொரு வீட்டுச் சாமான்களைப் பார்க்கக் கிளம்பும்போது என்னிடம் கொடுத்து, "இத அவங்களுக்கு எடுத்து வை" என்றாள்.

"எவங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவள் பேருந்து நிலையத்துச் சுவரைப் பார்த்தாள். காது சிவந்துவிட்டது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. புத்தகத்தில் வழக்கம்போலச் சீட்டுக் கட்டி, நடு அறை மேஜையில் அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். அத்தனை வருடத்தில் நான் எழுதிய சீட்டுகளில் அது ஒன்றுதான் உண்மையான சீட்டு.

பதினொன்று இருபது வண்டி போனதும் அவர் வந்தார். அக்கா இல்லை. புத்தகத்தைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது. கை நீட்டி எடுத்தார். சீட்டைப் படித்தார். இன்னொரு தடவை படித்துவிட்டு என்னிடம், "அவங்களுக்கா?" என்றார்.

எனக்கு எப்போதுமே யாராவது கேள்வி கேட்டால் தலைதான் முதலில் அசையும். அதுவும் அக்கா காலையில் சொன்ன வார்த்தையையே இவரும் சொல்கிறார். ஆமாம், அவங்களுக்குத்தான். நன்றாகத் தலையாட்டினேன். சிரிக்கக்கூடச் செய்தேன்.

அவர் புத்தகத்தை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தார். "சரிம்மா" என்றார். பதினொன்று இருபத்தெட்டுக்கே கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அக்கா இரண்டு வாரமும் இரண்டாவது தடவை தலை வாரி, அதை யாரும் பார்க்காமல் வீணாக்கினாள். ஒலிபெருக்கியிலும் மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம், "பயணிகள் தயவுசெய்து படியில் நிற்க வேண்டாம்" என்பார். இப்போது, "படியில் நிற்க வேண்டாம்" என்றார். அந்தத் 'தயவுசெய்து' போனதைப் பேருந்து நிலையமே கவனித்தது. பயணிகள் பயந்துபோய் உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள் என்று கேள்வி.

விஷயத்தைக் கொண்டுவந்தது பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரம்மா. பிரதி எடுக்க வரும் எந்தத் தாளையும் அவர் படிப்பதில்லை. அது தானாக அவர் கண்ணில் பட்டுவிடும். டைம்கீப்பர் மாற்றல் கேட்டு மனு எழுதியிருக்கிறார் என்று என்னிடம் சொன்னார். எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஏதோ ஒரு பணிமனைக்கு. காரணம் என்ற இடத்தில் குடும்பச் சூழ்நிலை என்று போட்டிருக்கிறதாம்.

"தனிக்கட்டை. அவருக்கு ஏதும்மா குடும்பம், ஏதும்மா சூழ்நிலை?" என்றவர், குரலைத் தாழ்த்தி, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார். "ஏம்மா, தப்பா நினைக்காத. உங்க அக்காவோட அவங்க எந்த ஊர்ல இருக்காங்க?"

தையல் இயந்திரம் நின்றுவிட்டது. நான் வாயைத் திறக்காததால் அவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். ஊருக்கே தெரியுமாம். அக்காவுக்கு ரகசியமாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை கப்பலில் வேலை. கப்பல் இல்லை, சுரங்கம் என்று முடிதிருத்தகத்தில் ஒரு கட்சி. பழைய சாமான் என்றால் அவருக்கு உயிர், போகிற ஊரிலிருந்தெல்லாம் இதை எடுத்து வை, அதை எடுத்து வை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மளிகைக் கடைக்காரர் அவரை நேரிலேயே பார்த்திருக்கிறார். நல்ல உயரம், கண்ணாடி, கொஞ்சம் தொப்பை.

அன்றைக்குக் கடை சாத்தியதும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தலையாட்டியது உட்பட. அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்தே முக்கால் வண்டி, தயவு இல்லாமல் அறிவிக்கப்பட்டது.

"நேராப் போய்ச் சொல்லிடுக்கா" என்றேன்.

போய் என்னவென்று சொல்வது என்று கேட்டாள். அவங்க என்று யாரும் இல்லை என்றால், இத்தனை வருடம் பொய் சொன்னேன் என்று ஆகிறது. ஒவ்வொரு குடையையும் விரித்துக் காட்டி, ஓட்டை இருந்தால் அதையும் காட்டி விற்ற மனுஷனிடம் எப்படி அதைச் சொல்வது? அவரே கேட்டால் சொல்லலாம். அவர் கேட்கமாட்டார். கேட்கிற ஆளாக இருந்தால் ஆறு வருடம் முக்காலியில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசியிருக்கமாட்டார். இப்படியே ஒரு வாரம் போயிற்று. பிறகு அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். சொல்ல வேண்டாம், சீட்டுகளை எடுத்துவிடுவோம். சீட்டு இல்லை என்றால் அவங்க இல்லை என்று தானே தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை காலை மூன்று அறைகளிலும் இருந்த வெள்ளைச் சீட்டுகளையெல்லாம் கத்தரித்து ஓர் அட்டைப்பெட்டியில் போட்டோம். நாற்பதுக்கு மேல் இருந்தன. கடை மொட்டையாகத் தெரிந்தது.

புதன்கிழமை ஜெராக்ஸ் கடைக்காரம்மா பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தார். எப்போதும் வாசலில் நின்றே பேசுகிறவர், உள்ளே வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப ஆச்சு?"

சீட்டைத்தான் கேட்கிறார் என்று அக்கா நினைத்தாள். "திங்கக்கிழமை காலையில. கடை திறந்த கையோட."

"திடீர்னா?"

"இல்லக்கா. ஒரு வாரமா யோசிச்சு, நாங்களா எடுத்த முடிவுதான்."

ஜெராக்ஸ் கடைக்காரம்மாவின் கை லேசாகத் தளர்ந்தது. "நீங்களா?"

"இவதான் கத்தரிக்கோல் எடுத்துட்டு வந்தா. அரை மணி நேரத்துல முடிஞ்சுது. எல்லாத்தையும் அட்டைப்பெட்டியில போட்டுப் பரண்ல வச்சாச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. இத்தனை அமைதியான பெண்ணா என்பது போல இருந்தது. துக்கத்தில் புத்தி தடுமாறியிருக்கிறது என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, ஒரு பிஸ்கட்டை அக்காவின் வாயில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று மாலைக்குள் மளிகைக் கடைக்காரர் வந்தார், முடிதிருத்துகிறவர் வந்தார், சோப்பு கொண்டுவந்து போடுகிறவள் கண் கலங்கி நின்றாள். நல்ல மனுஷன், பார்த்தாலே சிரிப்பார் என்று மளிகைக் கடைக்காரர் சொன்னார். சீட்டு போனால் ஆள் இல்லை என்று தெரியும் என்று நாங்கள் நினைத்தோம். ஆள் போய்விட்டார் என்று ஊர் எடுத்துக்கொண்டது. இல்லாதவருக்கு ஊரே இரண்டு நாள் துக்கம் கொண்டாடியது. இல்லவே இல்லை என்று அக்கா எத்தனை சொன்னாலும், "ஆமாம்மா, இல்லைதான், மனச தேத்திக்கோ" என்றார்கள்.

சனிக்கிழமை வந்தது. நகரத்துப் பெண்கள் இருவர் நடு அறையில் ஒரு லாந்தர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பழக்க தோஷத்தில் துணியை எடுத்தாள். எடுத்துவிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் விளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பதினொன்று இருபது வண்டி அறிவிக்கப்பட்டது. சற்று நேரத்தில் டைம்கீப்பர் வாசலில் நின்றார். தொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

உள்ளே வந்து அக்காவின் முன்னால் நின்று, தரையைப் பார்த்தபடி, "கேள்விப்பட்டேன்" என்றார். பிறகு வாய்ப் பழக்கத்தில், "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துணியால் வாயை மூடினாள். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகிறாள் என்று நினைத்து அவர் பதறி, குடிக்கத் தண்ணீர் தேடினார். அக்கா கையை அசைத்து நிறுத்தச் சொல்லிவிட்டு, கடைசி அறைக்குப் போனாள். கப்பல் கதையின் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நாற்பது சீட்டைக் கத்தரித்தபோது அந்த ஒரு சீட்டை மட்டும் அவள் கத்தரிக்கவில்லை. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"எடுத்துக்கங்க சார்."

அவர் சீட்டைப் படித்தார். "இது அவங்களுக்கு எடுத்து வச்சதாச்சே."

"ஆமா. அவங்களுக்குத்தான்."

"அவங்க இல்லாத நேரத்துல நான் எப்படி மேடம் இத வாங்கறது?"

"அவங்க வாங்கிக்கணும்னுதானே கொடுக்கறேன்."

அவர் குழம்பிப்போய்ப் புத்தகத்தை அக்காவிடமே திருப்பி நீட்டினார். அக்கா வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். புத்தகம் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது. இதை இப்படியே விட்டால் பதினொன்று நாற்பத்தைந்து ஆகிவிடும், அவர் போய்விடுவார், அடுத்த வாரம் பணிமனையில் இருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. தலையாட்டி வந்த வினை தலையாட்டிப் போகாது.

"அவங்கன்னா நீங்கதான் சார்" என்றேன்.

குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. நகரத்துப் பெண்கள் திரும்பினார்கள். டைம்கீப்பர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.

"அப்ப முன்னாடி இருந்த அவங்க?"

"முன்னாடி யாரும் இருந்ததில்ல. அது வியாபாரத்துக்குச் சொன்னது" என்றாள் அக்கா. "தப்புதான்."

லாந்தரை வைத்திருந்த பெண், அப்படியானால் இந்த விளக்கையும் யாரும் சொல்லி வைக்கவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றாள் அக்கா. அந்தப் பெண் விளக்கை ஒரு சுற்று திருப்பிப் பார்த்துவிட்டு இருந்த இடத்தில் வைத்துவிட்டாள்.

டைம்கீப்பர் முக்காலியில் உட்கார்ந்தார். அவசரத்தில் கால் ஆடும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஆடினார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் சீட்டில் 'சொல்லி வைத்தது' என்பதற்குக் கீழே ஏதோ எழுதினார். கைக்கடிகாரத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் எழுதி, அக்காவிடம் கொடுத்தார். 'உரியவர் வந்தார். 11.52' என்று இருந்தது.

அக்கா படித்துவிட்டு அதை மடித்து வைத்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு என்ற எண் அப்போதுதான் அவருக்கே உறைத்தது. தொப்பியை விட்டுவிட்டு ஓடினார். ஆனால் பதினொன்று நாற்பத்தைந்து வண்டி அறிவிப்பு இல்லாமலேயே போய்விட்டிருந்தது. அவருடைய வேலைக் காலத்தில் அப்படி நடந்தது அது ஒரு தடவைதான். வண்டியைத் தவறவிட்ட ஆறேழு பேர் எங்கள் கடைக்கே சண்டை போட வந்தார்கள். அவர்களில் ஒருத்தி போகும்போது ஒரு துணிப்பை வாங்கிக்கொண்டு போனாள். பன்னிரண்டு மணி வண்டிக்கு ஒலிபெருக்கியில் 'தயவுசெய்து' மூன்று தடவை வந்தது.

மாற்றல் மனுவைத் திரும்பப் பெற அவர் எழுதிய கடிதத்தை ஜெராக்ஸ் கடைக்காரம்மாதான் பிரதி எடுத்தார். பிறகு பதிவு அலுவலகத்துக்கான விண்ணப்பத்தையும். ஊருக்குச் சொல்லும் வேலை எங்களுக்கு மிச்சம். மளிகைக் கடைக்காரர் மட்டும் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, முந்தியவர் இன்னும் கொஞ்சம் உயரம் என்றார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒன்றரை அறை வீட்டில் அரை அறை எனக்கு. வெள்ளைச் சீட்டுகளை நான் எழுதுவதில்லை. அத்தான் வேலை முடிந்ததும் கடைக்கு வந்து புத்தக அறையில் உட்கார்ந்துவிடுவார். படிக்காத புத்தகத்தை விற்க அவருக்கு மனம் வராது. தன் மஞ்சள் சீட்டைக் கட்டி வைத்துவிடுவார். யாராவது அதைக் கேட்டால் அக்கா வாசலைப் பார்ப்பதில்லை, பின் அறையைப் பார்க்கிறாள். "அது அவங்க சொல்லி வச்சதுங்க" என்கிறாள். இப்போது அது நிஜம். எவ்வளவு கெஞ்சினாலும் கிடைக்காது. அதனால் புத்தக வியாபாரம் பாதியாகிவிட்டது. சோப்பும் சாவியும் எப்போதும்போலப் போகின்றன. கப்பல் கதையின் இரண்டாம் பாகத்தில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை. அத்தான் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். லாந்தர் இன்னும் விற்கவில்லை. அலமாரி இருந்த இடத்திலேயே இருக்கிறது.